யார் ஓட்டுகிறார்? காப்புறுதிச் சான்றிதழ் கேட்காத கேள்வி

கல்கிசைச் சந்தியில் காலி வீதியைக் கடக்க நிற்பவருக்கு முன்னால் பஸ், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், வான் என்று வாகனங்கள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் காப்புறுதி இருக்க வேண்டும் என்பது சட்டம். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரம், அது வழங்கப்பட்ட நாளில் காப்புறுதி இருந்தது என்பதற்குச் சாட்சி. ஆனால் அந்த வாகனத்தை இப்போது ஓட்டிக்கொண்டிருப்பவர் யார்? போன வருடம் மதுபோதையில் ஓட்டி, கல்கிசை நீதவான் நீதிமன்றத்தில் தண்டம் கட்டியவரா? அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டு அண்மையில்தான் அதைத் திரும்பப் பெற்றவரா? இந்தக் கேள்விக்கு விடை எந்தக் காப்புறுதிச் சான்றிதழிலும் இல்லை. கேள்வியையே யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இதைக் கேட்கிறார்கள். கடுமையான வீதிக் குற்றம் செய்தவர் மீண்டும் ஸ்டியரிங்கைத் தொட வேண்டுமானால், தன் பெயரில் காப்புறுதி நடைமுறையில் உள்ளது என்பதைக் காப்புறுதி நிறுவனத்தின் மூலமாகவே அரசுக்கு நிரூபிக்க வேண்டும். எஸ்.ஆர். 22 என்று அந்தச் சான்றுக்குப் பெயர். அப்படியொரு ஏற்பாடு இலங்கைக்குத் தேவையா, தேவையானால் எந்த வடிவில் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சான்றிதழில் என்ன இருக்கிறது

வீட்டில் இருக்கும் காப்புறுதி அட்டையை எடுத்துப் பாருங்கள். வாகன இலக்கம், இயந்திர இலக்கம், அடிச்சட்ட இலக்கம், காப்புறுதி தொடங்கும் நாள், முடியும் நாள், உரிமையாளர் பெயர் எல்லாம் இருக்கும். ஓட்டக்கூடியவர் யார் என்ற விபரம் வரும் இடத்தில், காப்புறுதி பெற்றவர் அல்லது அவருடைய உத்தரவின் பேரிலோ அனுமதியுடனோ ஓட்டும் எவரும் என்ற கருத்தில் ஒரு பொதுவான வரி இருக்கும். செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் போதும் என்பது அதனோடு சேர்ந்த நிபந்தனை. சாரதியைப் பற்றி நம் காப்புறுதி முறை சொல்வது இவ்வளவுதான்.

கட்டணம் கணிக்கும் முறையும் இதையே காட்டுகிறது. முழுக் காப்புறுதி எடுப்பவரிடம் வாகனத்தின் பெறுமதி, வகை, தயாரிப்பு ஆண்டு, சொந்தப் பாவனையா வாடகைக்கா என்பதைக் கேட்பார்கள். முந்தைய ஆண்டுகளில் இழப்பீடு கோராதவருக்கு நோ கிளைம் போனஸ் என்று கழிவு கொடுப்பார்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் எடுப்பவரிடம் இந்தக் கேள்விகளில் பாதி கூட இல்லை. வாகன வகைக்கு ஒரு கட்டணம், அதைக் கட்டினால் அட்டை கையில்.

நோ கிளைம் போனஸ் ஒருவருடைய ஓட்டும் ஒழுக்கத்தை அளப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அது அளப்பது இழப்பீட்டுக் கோரிக்கையை மட்டுமே. சிவப்பு விளக்கில் நிற்காமல் போய்ப் பிடிபட்டவர், மதுபோதையில் ஓட்டித் தண்டம் கட்டியவர், வேக எல்லையை மீறி அகப்பட்டவர் ஆகிய மூவரும் தம் வாகனத்துக்கு இழப்பீடு கோராதிருந்தால், மூவருக்கும் கழிவு அப்படியே கிடைக்கும். நீதிமன்றத்தின் பதிவு காப்புறுதி நிறுவனத்தின் மேசைக்கு வந்து சேர வழியே இல்லை.

சட்டம் யாருக்காக எழுதப்பட்டது

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இன்றும் இத்துறையின் அடிப்படை. மூன்றாந்தரப்பு இடருக்கு எதிரான காப்புறுதி இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் வீதியில் பயன்படுத்தக் கூடாது என்று அது விதிக்கிறது. 99 ஆம் பிரிவிலிருந்து தொடங்கும் அந்தப் பகுதியை வாசிப்பவருக்கு ஒன்று தெளிவாகும்: அது வாகன உரிமையாளரின் நலனுக்காக எழுதப்பட்டதன்று. தெருவில் போகும்போது அடிபடும் அந்நியருக்காக எழுதப்பட்டது.

இதற்கு வலுவான சான்று 105 ஆம் பிரிவு. விபத்தில் பாதிக்கப்பட்டவர் வழக்கில் வென்றால், காப்புறுதி நிறுவனம் அந்தத் தீர்ப்புப் பணத்தைச் செலுத்தக் கடமைப்பட்டது. உரிமையாளர் உடன்படிக்கையின் நிபந்தனை ஒன்றை மீறினார் என்ற காரணத்தைக் காட்டி, பாதிக்கப்பட்டவரைக் கைவிரித்து அனுப்ப நிறுவனத்துக்கு இலகுவில் இடமில்லை. நிறுவனம் முதலில் செலுத்திவிட்டுப் பின்னர் தன் வாடிக்கையாளரிடம் அறவிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்தத் தீர்ப்பு வரை போவது பெரும்பாடு. நம் நாட்டில் விபத்து நட்டஈட்டுக்கு ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். சாரதியின் கவனயீனத்தைப் பாதிக்கப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் பதிவாகிவிட வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு உரிய அறிவித்தலும் உரிய நேரத்தில் கொடுத்திருக்க வேண்டும். இந்தியாவில் உள்ளதைப் போல மோட்டார் விபத்துக்கென்றே தனி நியாய சபை இங்கு இல்லை. எலும்பு முறிந்து ஆறு மாதம் கட்டிலில் கிடக்கும் ஒரு தினக்கூலிக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது?

காப்புறுதித் துறையின் வரலாறும் இதில் ஒரு பங்கு வகித்திருக்கிறது. 1961 இல் அரசு காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாகி, அறுபதுகளின் நடுப்பகுதிக்குள் பொதுக் காப்புறுதி முழுவதும் அரசின் ஏகபோகமாயிற்று. எண்பதுகளின் பிற்பகுதியில் தனியார் நிறுவனங்கள் மீண்டும் வந்தன. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் சபை அமைந்தது. அது இன்று இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என்ற பெயரில் இயங்குகிறது. போட்டி வந்த பிறகு நிறுவனங்கள் விபத்து நடந்த இடத்துக்கே ஆளனுப்பி இழப்பீடு கொடுப்பதில் முந்தின. வாகனம் வைத்திருப்பவருக்குச் சேவை நன்றாகவே வளர்ந்தது. அடிபட்டவருக்கு அதே வேகத்தில் எதுவும் வளரவில்லை.

ஓட்டைகள் எங்கே

நம் முறையில் காப்புறுதியைப் பரிசோதிக்கும் முக்கியமான கதவு வருமான அனுமதிப்பத்திரம். வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும்போது காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. முன்பு பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது இணையவழியிலும் எடுக்கலாம். வாகன இலக்கத்தைக் கொடுத்தால், காப்புறுதி நிறுவனத்தின் தரவு கணினியிலேயே சரிபார்க்கப்படுகிறது. இது பெரிய முன்னேற்றம். நிறுவனங்களின் தரவும் அரசின் தரவும் ஒன்றோடொன்று பேச முடியும் என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டாம்.

ஆனால் அந்தப் பேச்சு வருடத்தில் ஒரு நாள்தான் நடக்கிறது. புதுப்பித்த மறுவாரம் காப்புறுதி ரத்தானால், அல்லது தவணைப் பணம் கட்டாமல் விடுபட்டால், முன்கண்ணாடியில் இருக்கும் தாள் மீதி மாதங்களுக்கும் அப்படியே இருக்கும். காப்புறுதி நாளும் வருமான அனுமதிப்பத்திர நாளும் ஒன்றாக இருப்பதும் இல்லை. இடையில் விழும் வாரங்களைப் பொலிஸ் சோதனை மட்டுமே கண்டுபிடிக்க முடியும்.

இரண்டாவது ஓட்டை, வாகனத்துக்கும் சாரதிக்கும் இடையில் இருப்பது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஓட்டோ ஓட்டும் பலருக்கு வண்டி சொந்தமில்லை. உரிமையாளருக்கு நாள் வாடகை கொடுத்து ஓட்டுகிறார்கள். லீசிங்கில் எடுத்த வண்டியென்றால் நிதி நிறுவனம் முழுக் காப்புறுதியைக் கட்டாயமாக்கும். லீசிங் முடிந்ததும் பலர் செலவைக் குறைக்க மூன்றாந்தரப்புக்கு மாறிவிடுகிறார்கள். தனியார் பஸ்ஸிலும் உரிமையாளர் ஒருவர், சாரதி இன்னொருவர். ஒரு வண்டியை ஓட்டிக் குற்றவாளியானவர், அடுத்த மாதமே வேறு உரிமையாளரின் வண்டியில் ஏறிவிடலாம். வண்டி மாறியதும் பதிவும் சுத்தமாகிவிடுகிறது.

மூன்றாவது, தண்டனையைப் பற்றியது. 2016 இன் இறுதியில், மதுபோதையில் ஓட்டுதல், அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுதல், காப்புறுதியின்றி ஓட்டுதல் உட்படச் சில பாரதூரமான குற்றங்களுக்கு 25,000 ரூபாய் தண்டம் என்ற யோசனை வந்தபோது தனியார் பஸ் சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. பின்னர் 2019 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் அந்த உயர்ந்த தண்டங்கள் இடம்பிடித்தன. 25,000 ரூபாய் ஒரு சாதாரணச் சாரதிக்குப் பெரிய தொகைதான். ஆனால் அது போய்ச் சேருவது அரசின் கஜானாவுக்கு. காப்புறுதியில்லாத வண்டியால் கால் இழந்தவருக்கு அதில் ஒரு சதமும் வராது. அந்தச் சாரதி அடுத்த வருடமும் காப்புறுதியுடன்தான் ஓட்டுகிறாரா என்று பார்க்கவும் அந்தத் தண்டத்தில் வழியில்லை.

எஸ்.ஆர். 22 எப்படி வேலை செய்கிறது

அமெரிக்கா இந்தப் பிரச்சினையுடன் மல்லுக்கட்டத் தொடங்கி நூறு ஆண்டுகள் ஆகின்றன. 1925 இல் இரண்டு மாநிலங்கள் இரண்டு வெவ்வேறு பாதைகளைத் தெரிந்தெடுத்தன. மாசச்சூசெட்ஸ், வாகனம் வைத்திருக்கும் எல்லோருக்கும் காப்புறுதியைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. 1927 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கனெக்டிகட், நிதிப் பொறுப்பு என்ற வழியை எடுத்தது. விபத்தை ஏற்படுத்தியவரோ கடுமையான குற்றம் செய்தவரோ இனிவரும் காலத்துக்குத் தன்னால் நட்டஈடு கொடுக்க முடியும் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. பல மாநிலங்கள் பல பத்தாண்டுகள் இந்த இரண்டாவது வழியிலேயே நடந்தன.

இரண்டாவது வழியில் ஒரு பெருங்குறை இருந்தது. முதல் விபத்து நடக்கும் வரை யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆகவே முதலில் அடிபட்டவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். 1956 இல் நியூயோர்க் கட்டாயக் காப்புறுதிக்கு மாறியது. பிற மாநிலங்களும் காலப்போக்கில் மாறின. ஆனாலும் நிதிப் பொறுப்பு நிரூபணம் அழியவில்லை. கட்டாயக் காப்புறுதிக்கு மேலாக, ஆபத்தான சாரதிகளுக்கான இரண்டாவது பூட்டாக அது நிலைத்தது. அதுதான் இன்றைய எஸ்.ஆர். 22.

மதுபோதையில் ஓட்டியவர், காப்புறுதியின்றிப் பிடிபட்டவர், அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்ட நிலையில் ஓட்டியவர் போன்றோரிடம் அரசு இதைக் கேட்கும். அவர் அதைத் தானே எழுதிக் கொடுக்க முடியாது. காப்புறுதி நிறுவனமே மாநிலத்தின் வாகனத் திணைக்களத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டுகள் இது தொடரும். இடையில் அவர் கட்டணம் கட்டாமல் காப்புறுதி ரத்தானால், நிறுவனம் உடனே எஸ்.ஆர். 26 என்ற மற்றொரு அறிவித்தலை அனுப்பும். அனுமதிப்பத்திரம் மீண்டும் இடைநிறுத்தப்படும். புளோரிடாவும் வர்ஜீனியாவும் மதுபோதைக் குற்றத்துக்கு எஃப்.ஆர். 44 என்று இன்னும் கடுமையான சான்றைக் கேட்கின்றன. அதற்குக் காப்புறுதித் தொகையின் அளவும் சாதாரணக் குறைந்தபட்சத்தை விட அதிகமாக இருக்க வேண்டும்.

இதில் நமக்கு முக்கியமான அம்சங்கள் இரண்டு. ஒன்று, சான்று மனிதரோடு கட்டப்பட்டிருக்கிறது. சொந்தமாக வாகனம் இல்லாதவரும் உரிமையாளரல்லாதோருக்கான காப்புறுதி எடுத்து இதைச் சமர்ப்பிக்க வேண்டும். மற்றது, சான்று உயிரோடு இருக்கிறது. அது அறுந்தால் அரசுக்கு விரைவிலேயே தெரிகிறது.

அந்த முறையின் குறைகள்

ஆபத்தான சாரதிக்குக் காப்புறுதிக் கட்டணம் உயரும். உயர்ந்த கட்டணத்தைக் கட்ட முடியாதவர் காப்புறுதியைக் கைவிடுவார். கைவிட்டால் அனுமதிப்பத்திரம் போகும். வேலைக்குப் போக வேறு வழியில்லாததால் அனுமதிப்பத்திரம் இல்லாமலே ஓட்டுவார். மீண்டும் பிடிபட்டால் தண்டமும் கட்டணமும் இன்னும் உயரும். பாதுகாப்பைக் கூட்டப் புறப்பட்ட சட்டம், ஏழைச் சாரதியைக் காப்புறுதிக்கு வெளியே தள்ளிவிடும் இந்தச் சுழல் அமெரிக்காவில் நன்கறியப்பட்டது. எந்த நிறுவனமும் ஏற்காத சாரதிகளை நிறுவனங்களிடையே பகிர்ந்தளிக்கும் திட்டங்கள் மாநிலங்களில் இருப்பதும் இதனால்தான்.

நியாயம் பற்றிய கேள்வியும் எழுந்தது. 1968 இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு கிறிஸ்தவப் போதகரின் கார் மீது சைக்கிளில் வந்த ஐந்து வயதுச் சிறுமி மோதினாள். கிராமப்புற ஊர்கள் சிலவற்றுக்குக் காரில் போய் ஊழியம் செய்வதே அவர் வாழ்க்கை. அவரிடம் காப்புறுதி இருக்கவில்லை. சிறுமியின் பெற்றோர் கோரிய தொகைக்குப் பிணை வைக்காவிட்டால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும் என்றது மாநிலம். தவறு யார் மீது என்பதை விசாரிக்கவே இல்லை. பெல் எதிர் பர்சன் என்று அறியப்படும் அந்த வழக்கில் 1971 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிழைப்புக்கு அவசியமான அனுமதிப்பத்திரத்தைப் பறிக்குமுன், அவர் பொறுப்பாளியாகும் சாத்தியம் உண்டா என்று விசாரித்தே ஆக வேண்டும்.

இலங்கையில் இப்படியொரு சட்டம் எழுதப்படும் நாளில் இந்தத் தீர்ப்பை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். விபத்தில் சம்பந்தப்பட்டிருந்தார் என்பது மட்டும் ஒருவரை ஆபத்தான சாரதியாக்கிவிடாது. நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்ட பிறகே அந்த முத்திரை விழ வேண்டும்.

லண்டன், ரொறன்ரோ, கோயம்புத்தூர்

வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் வெளிநாட்டில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. அந்த உறவினர்கள் ஓட்டும் நாடுகளின் அனுபவமும் நமக்குப் பாடம்.

பிரித்தானியாவில் 1930 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. 1946 இல் காப்புறுதி நிறுவனங்கள் அரசுடன் உடன்பட்டு மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் ஒன்றை அமைத்தன. காப்புறுதியில்லாத வாகனத்தாலோ அடித்துவிட்டு ஓடிய வாகனத்தாலோ பாதிக்கப்பட்டவர் அந்தப் பணியகத்திடம் நட்டஈடு கேட்கலாம். அதற்கான செலவை நேர்மையாகக் காப்புறுதி கட்டும் எல்லோரும் சேர்ந்தே ஏற்கிறார்கள். காப்புறுதியின்றி ஓட்டியவருக்கு 300 பவுண் தண்டமும் ஆறு புள்ளிகளும். அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகாதவரானால் அந்த ஆறு புள்ளியிலேயே அது பறிபோகும். ஐ.என். 10 என்ற குறியீடு நான்கு ஆண்டுகள் அவருடைய பதிவில் இருக்கும். காப்புறுதி கேட்டுப் போகும்போது நிறுவனங்கள் அதைக் கேட்கும், கட்டணம் எகிறும். எஸ்.ஆர். 22 போன்ற தனிச் சான்று அங்கு இல்லை. சாரதியின் பதிவே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 2011 முதல், வீதியில் பிடிபடாவிட்டாலும் காப்புறுதியில்லாமல் வாகனம் வைத்திருப்பதே குற்றம். தரவுத்தளங்களை ஒப்பிட்டே கடிதம் அனுப்பிவிடுவார்கள்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிங்க் ஸ்லிப் என்ற காப்புறுதி அட்டை இல்லாமல் காரை வெளியே எடுக்க யாரும் துணிவதில்லை. காப்புறுதியின்றி ஓட்டினால் முதல் முறைக்கே 5,000 முதல் 25,000 டொலர் வரை தண்டம். எந்த நிறுவனமும் ஏற்காத சாரதிக்குக் கடைசிப் புகலிடமாக ஃபெசிலிட்டி அசோசியேஷன் என்ற ஏற்பாடு இருக்கிறது. கட்டணம் அதிகம், ஆனால் கதவு மூடப்படுவதில்லை. இதில் ஒரு நல்ல தத்துவம் உண்டு: ஆபத்தான சாரதியைக் காப்புறுதிக்கு வெளியே விடுவதை விட உள்ளே வைத்துக் கூடுதலாகக் கட்டச் செய்வதே அடிபடுபவருக்குப் பாதுகாப்பு.

இந்தியாவில் கட்டாயக் காப்புறுதியும் விபத்து நட்டஈட்டு நியாய சபைகளும் நெடுங்காலமாக உண்டு. ஆனாலும் முதல் வருடம் முடிந்ததும், குறிப்பாக இருசக்கர வண்டிக்காரர்கள், காப்புறுதியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடும் பழக்கம் பெரும் பிரச்சினையாக இருந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் எஸ். ராஜசேகரன், விபத்தில் சிதைந்து வருவோரை நாளாந்தம் பார்த்தவர். வீதிப் பாதுகாப்புக் கோரி அவர் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 2018 இல் பிறந்த உத்தரவின் விளைவாக, அவ்வாண்டு செப்டெம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுக்கும் இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டுக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதியை ஒரேயடியாக எடுக்க வேண்டியதாயிற்று. அடித்துவிட்டு ஓடும் வாகனத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு வழங்கும் தொகையை 2022 ஏப்ரல் முதல் இந்திய அரசு இரண்டு இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. காப்புறுதியின்றி ஓட்டுவதற்கான தண்டம் அங்கு முதல் முறை 2,000 ரூபாய் மட்டுமே.

மூன்று நாடுகளும் மூன்று வழிகள். ஆனால் ஒவ்வொன்றும் விடுபட்டவரைக் கண்டுபிடிக்க அல்லது விடுபடாமல் தடுக்க ஒரு கருவியையும், அடிபட்டவர் வெறுங்கையோடு போகாதிருக்க இன்னொரு கருவியையும் வைத்திருக்கின்றது.

இலங்கைக்குப் பொருந்துமா

ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமானோரை வீதியில் பறிகொடுக்கும் நாடு இது. மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களுமே அவர்களில் பெரும்பகுதி. ஆகவே கேள்வி நியாயமானது. ஆனால் எஸ்.ஆர். 22 ஐ அப்படியே கொண்டுவந்து இங்கு நட முடியாது. அதற்கு மூன்று அத்திவாரங்கள் வேண்டும்.

முதலாவது, சாரதியின் குற்றப் பதிவு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு, பொலிஸ் பதிவு, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரப் பதிவு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒருவர் ஆபத்தான சாரதியா என்று சொல்ல முடியும். குற்றத்துக்குப் புள்ளியிட்டு, 24 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் முறை பற்றி நம் நாட்டில் ஆண்டுக்கணக்காகப் பேசப்படுகிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வராத வரை வேறெந்தச் சான்றைக் கேட்பதற்கும் அடிப்படை இல்லை.

இரண்டாவது, காப்புறுதித் தரவு வருடம் முழுவதும் உயிரோடிருக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் போட்ட இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. காப்புறுதி ரத்தானவுடன் நிறுவனம் அறிவிக்க வேண்டும் என்ற கடமையை அதோடு சேர்த்துவிட்டால், வீதியில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தர் அட்டையைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வாகன இலக்கத்தைத் தட்டினால் போதும். போலி அட்டைக்கும் அதோடு வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, ஆபத்தான சாரதியை எந்த நிறுவனமும் மறுக்க முடியாத ஒரு பொது ஏற்பாடு. நிறுவனங்கள் சந்தைப் பங்குக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளலாம். கட்டணத்துக்கு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு உச்சவரம்பு விதிக்கலாம். இல்லாவிட்டால் நாள் வாடகைக்கு ஓட்டோ ஓட்டுபவர் சட்டத்துக்கு வெளியேதான் போவார். அதன் விலையைக் கொடுப்பவர் அவரல்ல, அவர் வண்டியில் அடிபடுபவர்.

இவற்றோடு, ஏற்கெனவே இருக்கும் ஒன்றை வலுப்படுத்த வேண்டும். வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையின் ஊடாக, அடையாளங்காணப்படாத வாகனங்களால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும் ஏற்பாடு இலங்கையில் உண்டு. பாதிக்கப்படும் குடும்பங்களில் இதை அறிந்திருப்போர் மிகக் குறைவு. வைத்தியசாலை விபத்துப் பிரிவிலும் பொலிஸ் நிலையத்திலும் மூன்று மொழிகளிலும் இந்தத் தகவல் எழுதி ஒட்டப்பட வேண்டும். காப்புறுதியில்லாத வாகனத்தால் அடிபட்டவருக்கும் அதே கதவு தடையின்றித் திறக்க வேண்டும். தண்டப்பணத்தில் ஒரு பகுதியை அந்த நிதிக்கே ஒதுக்கினால், 25,000 ரூபாய்க்கு இதுவரை இல்லாத ஒரு பொருள் வரும்.

படிப்படியாகச் செய்யக்கூடியது

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்வது எதையும் செய்யாதிருப்பதற்கு வழிகோலும். ஆகவே ஒரு சிறு வட்டத்தில் தொடங்கலாம். மதுபோதையில் ஓட்டியதற்காகவும், காப்புறுதியின்றி ஓட்டியதற்காகவும், அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டிருந்தபோது ஓட்டியதற்காகவும் நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அனுமதிப்பத்திரத்தைத் திரும்பக் கேட்கும்போது, தாம் ஓட்டப்போகும் வாகனத்தின் காப்புறுதியில் தமது பெயர் சேர்க்கப்பட்டுள்ளது என்ற நிறுவனத்தின் சான்றை அவர்கள் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு அது தொடர வேண்டும். பிறர் வண்டியை ஓட்டுபவராக இருந்தால் உரிமையாளரே அந்தப் பெயரைச் சேர்க்க வேண்டும். அப்போது வண்டியைக் கையில் கொடுக்கும் உரிமையாளருக்கும் தான் யாரிடம் கொடுக்கிறோம் என்பது எழுத்தில் தெரியும். பஸ் உரிமையாளர்களுக்கு இது மிக முக்கியம். பயணிகள் ஐம்பது பேரின் உயிரை ஒப்படைக்கும் சாரதியின் பதிவைப் பார்க்காமல் சாவியைக் கொடுக்கும் வழக்கத்துக்கு இது ஒரு முற்றுப்புள்ளி.

இதற்கு எதிராக வரக்கூடிய வாதங்களையும் மதிக்க வேண்டும். தனிமனிதரின் குற்றப் பதிவு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போவது பற்றிய கவலை நியாயமானது. எனவே, நிறுவனத்துக்குப் போக வேண்டியது இன்னாருக்கு இந்தச் சான்று தேவை என்ற ஒரு வரி மட்டுமே. முழுப் பதிவும் போக வேண்டியதில்லை. தண்டனை முடிந்தவரை மீண்டும் தண்டிப்பதாகாதா என்ற கேள்வியும் வரும். காப்புறுதியோடு ஓட்டு என்பது எல்லோருக்குமுள்ள கடமை. ஒருமுறை அதை மீறியவரிடமோ பிறர் உயிரை ஆபத்தில் வைத்தவரிடமோ அந்தக் கடமைக்குச் சான்று கேட்பது தண்டனையாகாது. இலஞ்சத்துக்கு இன்னொரு வாசல் திறக்கும் என்பார்கள். சான்று நிறுவனத்திலிருந்து திணைக்களத்துக்குக் கணினி வழி நேரே போனால், இடையில் கைநீட்ட ஆளில்லை.

சட்டம் மாறும்வரை வாசகர் செய்யக்கூடியவையும் உண்டு. காப்புறுதி அட்டையில் உள்ள முடிவு நாளைப் பாருங்கள். மகனுக்கோ மருமகனுக்கோ சாரதிக்கோ வண்டியைக் கொடுக்குமுன் அவருடைய அனுமதிப்பத்திரம் அந்த வகை வாகனத்துக்குச் செல்லுபடியானதா என்று கேளுங்கள். விபத்தில் யாராவது காயப்பட்டால் மற்ற வாகனத்தின் இலக்கத்தோடு காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பொலிஸில் முறைப்பாடு பதிவாகியுள்ளதை உறுதிப்படுத்திப் பிரதி பெறுங்கள். இரண்டு ஆண்டு எல்லையை நினைவில் வைத்து ஒரு சட்டத்தரணியை வேளைக்கே சந்தியுங்கள். சட்டம் கொடுத்துள்ள உரிமையைத் தெரியாமல் இழந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

1951 இல் எழுதப்பட்ட சட்டம் வாகனத்துக்குக் காப்புறுதி கேட்டது. அன்றைய வீதிகளுக்கு அது போதுமாக இருந்தது. இன்று தேவை, ஆபத்தான சாரதியிடம் அவர் பெயரிலேயே உயிருள்ள சான்று கேட்கும் சட்டம். அதற்கான கணினி இணைப்பும் நிறுவனங்களும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் நம்மிடம் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு அடுத்த திருத்தம் வரும்போது தண்டத் தொகையை மட்டும் மீண்டும் உயர்த்திவிட்டு நின்றுவிடாமல், இந்தச் சான்றையும் அடிபட்டவருக்கான நிதியையும் அதில் சேர்க்க வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர்களும் வாகன உரிமையாளர் சங்கங்களும் காப்புறுதி நிறுவனங்களும் இதற்காக ஒன்றாக அமர வேண்டும்.